அக்கி: காவியா, மாத்திரையா, ஊசியா?

எங்கள் வீட்டுக்கு அக்கி இரண்டு முறை வந்திருக்கிறது. முதலில் அப்பாவுக்கு, 2011இல். அப்போது அவருக்கு 68 வயது. அடுத்து எனக்கு, 53 வயதில். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே இடம்தான்: இடது விலா, முதுகில் தொடங்கி மார்பு வரை ஒரு பட்டை. அவர் கொப்புளத்தின் மேல் காவியால் அக்கி எழுதிக்கொள்ளப் போனார், நான் மாத்திரை சாப்பிட்டேன். இப்போது அம்மாவுக்கு 74. அம்மாவுக்குத் தடுப்பூசி போடுவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அதற்காகத் தேடிப் படித்தவற்றையும் இரண்டு முறை பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், எது அக்கி? நம் ஊரில் அந்தச் சொல் ரொம்பத் தாராளமானது. காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரம் வரும் கொப்புளத்துக்கும் அக்கி என்பார்கள். குழந்தையின் மூக்கடியில் தேன் நிறப் பொருக்கோடு வரும் புண்ணும் அக்கிதான். மழைக்காலத்தில் ட்யூப்லைட்டைச் சுற்றும் பூச்சி கழுத்தில் நசுங்கி, காலையில் கோடு இழுத்தாற்போல் எரிந்தால் அதற்கும் அதே பெயர். முதலாவது வேறொரு வைரஸ், இரண்டாவது பாக்டீரியா, மூன்றாவது பூச்சியின் உடம்பில் உள்ள நஞ்சு. உதட்டுக் கொப்புளமும் பூச்சிப் புண்ணும் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தாமாகவே ஆறிவிடும். காவி பூசினாலும் ஆறும், பூசாவிட்டாலும் ஆறும். அக்கி எழுதுவதற்கு இருக்கும் நல்ல பெயரில் ஒரு பங்கு இந்த மாதிரிப் புண்களால் வந்தது என்பது என் எண்ணம்.

டாக்டர்கள் ஹெர்பிஸ் ஜோஸ்டர் என்று எழுதுகிற நிஜமான அக்கி, சின்னம்மையின் மறு வருகை. சின்ன வயதில் அம்மை போட்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அம்மை இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். இறங்கத்தான் செய்கிறது, ஆனால் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸ் ஒடுங்கிக் கிடக்கிறது. நாற்பது, ஐம்பது வருஷம்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது, அல்லது புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் மருந்துகளால் அது குறையும்போது, ஏதோ ஒரு முடிச்சில் விழித்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்கிவரும். இந்தத் தொடர்பை 1965இல் விளக்கி எழுதியவர் எட்கர் ஹோப்-சிம்சன். பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் அவருக்கு இல்லை. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்து, தன்னிடம் வந்த நோயாளிகளின் குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்து எழுதினார்.

ஒரு நரம்பின் வழியே வருவதால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக வருகிறது. முதுகுத்தண்டின் மேலும் நெஞ்சுக்குழியின் மேலும் உடம்பை இடம், வலம் என்று பிரிக்கும் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டால், அதை அநேகமாகத் தாண்டாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கன்னடத்தில் இதற்குச் சர்ப்பசுத்து, அதாவது பாம்புச் சுற்று, என்று பெயர். தலையும் வாலும் சேர்ந்து உடம்பைச் சுற்றிவிட்டால் உயிர் போய்விடும் என்ற பயம் நம் பக்கமும் இருக்கிறது. அப்பாவுக்கு வந்தபோது எதிர்வீட்டு அத்தை தினமும் வந்து, பாம்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு பக்கத்து நரம்பு மறு பக்கத்துக்குப் போகாது என்பதால் அந்தப் பாம்புக்குத் தன் வாலைப் பிடிக்க வழியே இல்லை. அப்படியில்லாமல் உடம்பில் பல இடங்களில் கொப்புளம் சிதறினால் அது வேறு கதை. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அப்படி வரும், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். இளவயதுக்காரருக்குக் கடுமையான அக்கி வந்தால் டாக்டர் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு எழுதுவதும் இதனால்தான். அதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

கொப்புளத்துக்கு முன்னால் வலி வரும் என்பதுதான் பெரிய குழப்பம். எனக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கிவிட்டது. வினோதமான வலி அது. கையால் அழுத்திப் பிடித்தால் பரவாயில்லை, சட்டைத் துணி லேசாக உரசினால் சூடு போட்டாற்போல் இருக்கும். இடது பக்கம், மார்பு, 53 வயது என்றதும் பயந்துபோய் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். தசைப்பிடிப்பு என்று வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, தோலில் ஒன்றும் இல்லாதபோது யார் கண்டுபிடிப்பது? ஆனால் ‘கொப்புளம் ஏதாவது வந்தால் உடனே வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும், மேல்தோலில் எரிகிற வலி இருந்தால், தினம் இரண்டு வேளை அந்த இடத்தைக் கண்ணாடியில் பாருங்கள். முதுகென்றால் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த திட்டு, அதன்மேல் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்துவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

72 மணி நேரம். கொப்புளம் தலைகாட்டிய மூன்று நாளுக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்வதைத்தான் மருந்து தடுக்கும். பெருகி முடித்து நரம்பைப் புண்ணாக்கிய பிறகு தடுப்பதற்கு அதிகம் மிஞ்சாது. காவியா மாத்திரையா என்ற கேள்வியை நான் பார்ப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எங்கள் ஊரில் அக்கி எழுதுகிறவர் ஒரு வேளார். சட்டி பானை விற்பனை படுத்து வெகு காலமாயிற்று, ஆனாலும் அக்கி எழுத ஆட்கள் வருவது நிற்கவில்லை. காலை வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். காவிக்கல்லை நீர்விட்டு உரைத்து, கோழி இறகில் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றி முதலில் கரை கட்டுவார். அப்புறம் நடுவில் சிங்கம். பிடரியும் வாலும் இரண்டே இழுப்பில் வந்துவிடும். தினம் ஒரு தடவையாக மூன்று நாள். குளிக்கக் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது. காசு கேட்க மாட்டார், வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்வார்.

அப்பா முதல் நாள் போய் வந்ததுமே எரிச்சல் குறைந்துவிட்டது என்றார். அது பொய்யில்லை, ஈரக் காவி காயும்போது தோல் குளிரும். மூன்று வாரத்தில் பொருக்கெல்லாம் உதிர்ந்தது. காவி ஜெயித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். மருந்தே எடுக்காவிட்டாலும் அக்கியின் கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாக உதிரும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. சிங்கம் தின்றது என்று நாங்கள் நினைத்த பாம்பு, தானே போயிருக்கிறது.

வலி மட்டும் போகவில்லை. அதற்கப்புறம் பதினான்கு மாதம் இருந்தது. பனியன் தோலில் படாதபடி இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் பேப்பர் படிப்பார். ஃபேன் காற்று பட்டால் முகம் சுளிப்பார், ஃபேனை நிறுத்தினால் புழுக்கம். அம்மா ராத்திரி எழுந்து எழுந்து அதைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள்.

முதல் மூன்று நாளில் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அந்த வலி வந்திருக்காது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. கொப்புளம் சீக்கிரம் ஆறவும் அந்த நேரத்து வலி தணியவும் வைரஸ் மருந்து உதவும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. பிந்தைய நரம்பு வலியை அது தடுக்கும் என்பதற்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. என் வருத்தம் வேறு. காவிக்குக் கொடுத்த மூன்று நாளும் மாத்திரைக்கு உரிய மூன்று நாளும் ஒரே மூன்று நாள். அப்பாவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்காமல் போயிற்று. நான்காம் நாள் டாக்டரிடம் போனபோது தோல் முழுக்கச் செங்காவி, அதைக் கழுவிய பிறகுதான் அவரால் பார்க்கவே முடிந்தது.

அதனால் வேளாரிடம் போகாதே என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. முதலில் டாக்டர், மாத்திரையின் முதல் வேளை உள்ளே போகட்டும், அப்புறம் உங்கள் இஷ்டம். ஆனால் உடைந்த கொப்புளத்தின் மேல் மண்ணும் பழைய தண்ணீரும் படுவது நல்லதில்லை, சீழ் பிடிக்கும். முகத்தில் வந்திருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். குளிக்கக் கூடாது என்பதையும் விட்டுவிடுங்கள். சோப்புப் போட்டு மென்மையாகக் கழுவி ஒற்றியெடுத்தால் புண் சுத்தமாக இருக்கும்.

மாத்திரையில் மூன்று வகை. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர். எதை வாங்குவது என்று மெடிக்கல் ஷாப்பில் நாமே முடிவு செய்யும் விஷயமில்லை, ஆனால் டாக்டர் எழுதும்போது பேசிக்கொள்ளலாம். மூத்தது அசைக்ளோவிர். அதை உருவாக்கிய குழுவில் இருந்த கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நல்ல மருந்துதான், ஆனால் விழுங்கியதில் ஐந்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். அதனால் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். மொத்தம் 35 மாத்திரை. தூங்கும் நேரம் போக நாலு மணிக்கு ஒன்று. வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரர் இதைத் தவறாமல் செய்வார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

வாலாசைக்ளோவிர் உள்ளே போனதும் அசைக்ளோவிராகவே மாறுகிறது. ஆனால் பாதிக்கு மேல் ரத்தத்தில் சேர்வதால் 1000 மில்லிகிராம், மூன்று வேளை, ஏழு நாள் போதும். 21 மாத்திரை, காலை மதியம் இரவுச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 1995இல் வெளியான ஆய்வில், வலி அடங்க அசைக்ளோவிர் குழுவுக்கு நடுக்கணக்காக 51 நாளும் வாலாசைக்ளோவிர் குழுவுக்கு 38 நாளும் ஆயின. ஃபாம்சைக்ளோவிரும் மூன்று வேளைதான், பலனிலும் வாலாசைக்ளோவிருக்குச் சமமாகவே வைத்துப் பேசுகிறார்கள். நான் சாப்பிட்டது வாலாசைக்ளோவிர். விலை கொஞ்சம் கூடுதல் என்றாலும், விட்டுப்போகாமல் சாப்பிட முடிகிற மருந்துதான் நல்ல மருந்து என்பது என் கட்சி.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை: சிறுநீரகம். இவை அந்த வழியாகத்தான் வெளியேறுகின்றன. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் பொருள்) கூடியிருப்பவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசுவதும் உண்டு. பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். மூன்று நாள் தாண்டிவிட்டது என்பதற்காக டாக்டரிடம் போகாமலும் இருக்க வேண்டாம். புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் அப்போதும் மருந்து தொடங்குவார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ‘அக்கிக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டால் அசைக்ளோவிர் களிம்பு ஒரு சின்ன ட்யூப் கிடைக்கும். எனக்கும் அதைத்தான் முதலில் நீட்டினார்கள். இது நரம்புக்குள்ளிருந்து வரும் நோய், மேலே தடவுவதால் பயனில்லை. அந்தக் காசு வீண் என்பதைவிட, மருந்து போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் ஒரு நாள் கழிந்துவிடும் என்பதுதான் கேடு. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்ப வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், பிந்தைய வலியைத் தடுப்பதில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார்.

சில இடங்களில் வந்தால் மூன்று நாள் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே ஓட வேண்டும். நெற்றியிலும் கண்ணிமையிலும் வந்தால், முக்கியமாக மூக்கு நுனியில் ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும், கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். மூக்கு நுனிக்கும் கருவிழிக்கும் போகும் நரம்பு ஒரே கிளையிலிருந்து பிரிகிறது. அங்கே இருந்தால் கண்ணிலும் இருக்கலாம், பார்வையே போகலாம். காதுக்குள் கொப்புளமும் வலியும் வந்து, அதே பக்கம் வாய் கோணினால் அது ராம்சே ஹன்ட் நோய். 2022இல் பாடகர் ஜஸ்டின் பீபர் ஒரு பக்கம் கண்சிமிட்ட முடியாமல் வீடியோவில் பேசினாரே, அதேதான். முகவாதம் என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா என்பது எல்லோரும் கேட்பது. அக்கி அக்கியாக ஒட்டாது. ஆனால் கொப்புளத்து நீர் பட்டால், இதுவரை சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரலாம். பொருக்குத் தட்டும்வரை சுத்தமான பருத்தித் துணியால் மூடி வைத்தால் போதும். சின்னம்மை வராத கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டும் அதுவரை விலகி இருக்கட்டும்.

கொப்புளம் வந்து மூன்று மாதம் கடந்தும் வலி நீடித்தால் அதற்குப் பிந்தைய நரம்பு வலி என்று தனிப் பெயரும், தனி வைத்தியமும் உண்டு. அமெரிக்கக் கணக்கில் அக்கி வந்தவர்களில் 10 முதல் 18 சதவீதம் பேருக்கு இது வருகிறது, வயது ஏற ஏற விகிதமும் ஏறும். சாதாரண வலி மாத்திரை இதற்கு அதிகம் உதவாது. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் என்று நரம்பை அமைதிப்படுத்தும் மருந்துகளைச் சிறு அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். மூன்றிலும் தூக்கக் கலக்கம் உண்டு. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்துபோகிற வயசாளிகள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் பட்டையை வலிக்கிற இடத்தில் ஒட்டுவது வயதானவர்களுக்கு ஒரு நல்ல வழி, புண் முழுக்க ஆறிய பிறகு மட்டும். அப்பாவுக்குக் கடைசியில் கேட்டது அமிட்ரிப்டிலின். அதற்கு முன் போட்டுக்கொண்ட சத்து ஊசிகளின் கணக்கை நான் வைத்திருக்கவில்லை.

சரி, இப்போது ஊசிக்கு வருவோம். இதில்தான் வீட்டுப் பஞ்சாயத்து.

அக்கிக்கு இரண்டு வகைத் தடுப்பூசி வந்திருக்கிறது. முதலாவது 2006இல் அமெரிக்காவில் வந்த ஜோஸ்டாவாக்ஸ். வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ், ஒரே ஊசி. அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் அக்கியைப் பாதியாகக் குறைத்தது. எழுபதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 38 சதவீதம்தான். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம் குறைவாக வேலை செய்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் போடவும் கூடாது. 2020 நவம்பரில் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றுவிட்டது. அடுத்தது 2017இல் அங்கே அனுமதி பெற்று, 2023இல் இந்தியாவுக்கு வந்த ஷிங்ரிக்ஸ். இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரே ஒரு புரதமும், உடம்பின் எதிர்ப்பை உசுப்பிவிட ஒரு துணைப்பொருளும்தான். துணைப்பொருளில் ஒரு பங்கு சிலி நாட்டு மரப்பட்டை ஒன்றிலிருந்து வருகிறது. நம்மூர்ப் பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கும் சபோனின் இனம்தான் அதுவும். இது இரண்டு ஊசி, இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் 97 சதவீதமும், எழுபதைத் தாண்டியவர்களிடம் 90 சதவீதத்தை ஒட்டியும் பலன் தந்தது. பத்து வருஷம் தாண்டியும் நல்ல பங்கு பாதுகாப்பு நீடிக்கிறது.

ஆக, எந்த ஊசி என்பதில் போட்டியே இல்லை. போடுவதா வேண்டாமா என்பதில்தான் போட்டி.

தம்பி போனில் கேட்டது நியாயமான கேள்வி: “நூத்துல ஒருத்தருக்கு வர்றதுக்கு இருபதாயிரமா அண்ணா?” அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. இரண்டு ஊசிக்கும் சேர்த்து எங்களுக்குச் சொன்ன தொகை இருபதாயிரத்துக்கு மேல். நூற்றில் ஒருவர் என்று அவன் சொன்ன கணக்கும் தப்பில்லை. எழுபதைத் தாண்டியவர்களின் ஆய்வில், ஊசி போடாத ஆயிரம் பேரில் வருஷத்துக்கு 9 பேருக்கு அக்கி வந்தது, போட்டவர்களில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அது ஒரு வருஷக் கணக்கு. அம்மா இன்னும் பத்து வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? அப்போது அது கிட்டத்தட்ட நூற்றில் ஒன்பது. வாழ்நாள் முழுக்க எடுத்தால் மூவரில் ஒருவருக்கு ஒருமுறையாவது வரும் என்பது அமெரிக்கக் கணக்கு. அந்தப் பணத்தில் வேறு அவசியம் இருக்கும் வீட்டில் நான் இதை வற்புறுத்த மாட்டேன். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சரியாக வைத்துக்கொள்வதும், கொப்புளம் வந்த அன்றே டாக்டரிடம் போவதும்கூடப் பெரிய காரியம்தான். ஆனால் செலவழிக்க முடிகிறவர்கள், நூற்றில் ஒன்று என்று கைகழுவக் கூடாது.

வேறொரு பலனைப் பற்றியும் இப்போது பேசுகிறார்கள். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் பழைய ஜோஸ்டாவாக்ஸை 2013 செப்டம்பரில் முதியவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்குக் கிடையாது, அன்றோ பின்போ பிறந்தவர்களுக்கு உண்டு என்று கோடு கிழித்தார்கள். சில வார வித்தியாசத்தில் பிறந்தவர்களை ஏழு வருஷம் கழித்து ஒப்பிட்டால், ஊசி போட்டவர்களிடம் மறதிநோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025இல் வந்த ஆய்வு. ஆர்வத்தைக் கிளப்புகிறது, ஆனால் அதற்காகவே ஊசி போடச் சொல்வது இப்போதைக்கு அவசரம் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் சொல்லியாக வேண்டும். இது சாதுவான ஊசி இல்லை. பெரும்பாலானோருக்குக் கை வலிக்கும். ஆறு பேரில் ஒருவருக்கு அன்றாட வேலை கெடும் அளவுக்குக் காய்ச்சல், உடம்புவலி, அசதி வரும். ஓரிரு நாளில் போய்விடும். மிக அரிதாக, அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் பத்து லட்சம் ஊசிக்கு மூன்று பேர் அளவில், கியான்-பாரே என்ற நரம்பு நோய் கூடுதலாகக் கண்டிருக்கிறார்கள். முன்பு அந்த நோய் வந்தவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அக்கி இப்போதுதான் வந்திருக்கிறது என்றால் அது ஆறும்வரை பொறுக்க வேண்டும். ஆறிய பிறகு போடலாம், ஏற்கெனவே வந்தவருக்கும் மறுபடி வர வாய்ப்பு உண்டு. இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து என்பதால் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவதைவிட, போடும் இடத்திலேயே வரவழைக்கச் சொல்வது நல்லது. எங்களுக்கு நான்கு நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டியிருந்தது.

அம்மாவின் ஆட்சேபணை பணத்தைப் பற்றியது இல்லை. “எனக்குத்தான் ஏழு வயசுலயே அம்மை போட்டாச்சே. ஒரு தடவை போட்டா மறுபடி வராதுன்னுதானே சொல்வாங்க?” என்றாள். ஒரு தடவை போட்டதால்தான் இந்த ஊசியே என்று நரம்பு முடிச்சுக் கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ அறுபத்தேழு வருஷமா என் முதுகுலயே உக்காந்திருக்கா அவ?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்த மனுஷன் பதினாலு மாசம் பனியனைப் பிடிச்சுக்கிட்டு என்னைத் தூங்க விடலை. போட்டுடு” என்றாள்.

என்னுடைய ஊசியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியிருக்கிறேன். எனக்கு 56, ஒருமுறை வந்துவிட்டுப் போயிருக்கிறது, சர்க்கரை இல்லை. ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குச் செலவழிக்க முடியாது என்றால் வயதிலும் நோயிலும் மூத்தவருக்குத்தான் முதலில். தம்பி பாதிப் பணம் அனுப்பிவிட்டான்.

முதல் ஊசி போட்ட ராத்திரி அம்மாவுக்கு லேசான காய்ச்சலும், இடது கையைத் தூக்க முடியாத வலியும். மறுநாள் கோலம்கூடப் போடவில்லை. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. இரண்டாவது ஊசி மூன்று மாதம் கழித்து. சமையலறை தினசரிக் காலண்டரில் அந்தத் தாளைத் தேடிப் பிடித்து, ‘ஊசி’ என்று எழுதி, கீழே தன் கையெழுத்திலேயே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறாள்: ‘முதல் நாளே இட்லிக்கு அரைத்து வைக்கவும்.’